வழி சொல்லாத அக்கா

திருவனந்தபுரம் ஆரியசாலையில் டீ விற்கிற அந்த அக்காவிடம் மட்டும் வழி கேட்கக் கூடாது. அங்கே கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அக்கா, பக்கத்துல கியர் சைக்கிள் ரிப்பேர் பாக்குற கடை இருக்கா?"

இவ்வளவுதான் கேட்டேன். அக்கா கையிலிருந்த டீ கேனைப் பருப்பு மொத்தக் கடையின் படியில் வைத்தாள். அடியில் குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் கேன். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

"வா மக்ளே."

"இல்லக்கா, எப்பிடிப் போகணும்னு சொன்னா போதும். நானே..."

"வான்னு சொன்னேன்."

அவ்வளவுதான். போய்விட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், குள்ளம், ரப்பர் செருப்பு. ஆனால் அந்த நடையை நடை என்று சொல்ல முடியாது. வெங்காயச் சாக்கு ஏற்றிய கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே எந்தச் சந்து கிடைத்தாலும் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுவாள். என் சைக்கிளின் பின் சக்கரம் சுழலாது. அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது. பெடல் என் முழங்காலில் அடித்துக்கொண்டே வந்தது.

அந்த நிலைமைக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து நான்கு பேர், கன்னியாகுமரியில் தொடங்கிக் கோவா வரை சைக்கிளில் போவதாகத் திட்டம். முதல் நாள் திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் கடைகளுக்கு மேலே இருக்கும் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் சைக்கிளைக் கீழே இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். ஒரு கைவண்டி உரசிக்கொண்டு போனது. சைக்கிள் கியர் இருக்கும் பக்கமாக விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து ஏறி இரண்டு மிதி மிதித்தேன். டப்பென்று ஒரு சத்தம். பின் கியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் அலுமினியத் துண்டு உடைந்து, கியர் பின் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. விரல் நீளத் துண்டுதான், ஹேங்கர் என்பார்கள். ஒவ்வொரு மாடல் சைக்கிளுக்கும் அது வேறு வேறு வடிவம். என்னுடையது பழைய மாடல், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

எங்கள் குழுவை நடத்தியவர் சேவியர் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். புறப்படுவதற்கு முன்பே இரண்டு சட்டம் போட்டிருந்தார். யாருக்காகவும் யாரும் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. சைக்கிளை விட்டு வேறு வண்டியில் ஏறினவன் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாலு பேரும் கைதூக்கி ஒப்புக்கொண்ட சட்டங்கள்.

"நாங்க வர்க்கலா போயி இருக்கோம். கோயில் குளத்தங்கரை. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். பஸ் ஏறி ஊருக்குப் போயிரு, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத" என்று தோளில் தட்டிவிட்டு மற்ற இருவரோடும் போய்விட்டார்.

ஊருக்குப் போவதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு வாரம் லீவு எடுத்திருந்தேன்.

"வேலைக்கால போற?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"கல்யாண வீடா?"

"இல்ல."

"துஷ்டி வீடா, யாரும் தவறிட்டாங்களா?"

"இல்லப்பா, சும்மா. சைக்கிள்ல."

"சும்மா கோவா வரைக்குமா!" அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "செரி, போயிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் யாரும் சும்மா எங்கேயும் போனதில்லை. இரண்டாம் நாளே உடைந்த சைக்கிளோடு போய் அவர் முன்னால் நிற்க என்னால் முடியாது.

அக்கா கூட்டிப்போன முதல் கடை பிள்ளைகளின் சைக்கிள் விற்கிற கடை. இரண்டாவது ஸ்கூட்டர் உதிரிபாகம். மூன்றாவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, தையல் மெஷின் கடை. உள்ளே போவாள், உடைந்த துண்டை என் கையிலிருந்து பிடுங்கி மேசை மேல் வைப்பாள். "இதுபோல ஒண்ணு வேணும்" என்று மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். கடைக்காரர் இல்லை என்று தலையாட்டுவதற்குள் வெளியே வந்துவிடுவாள்.

"அக்கா, பெரிய சைக்கிள் ஷோரூம் எதாவது தெரியுமா?"

"பின்னெ தெரியாம? வா."

ஷோரூம் பழவங்காடிப் பக்கம் என்றாள். போனோம். இல்லை. "மாத்திட்டானுவ போல" என்று தம்பானூர்ப் பக்கம் திரும்பினாள். அங்கேயும் இல்லை. நான் போனை எடுத்துத் தேடி, பட்டம் என்ற இடத்தில் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். அங்கும் கூடவே வந்தாள். என் சைக்கிளை ஒரு ஆட்டோவின் பின்னால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு போனோம். போகிற வழியில் கோவா, வர்க்கலாக் குளத்தங்கரை, பன்னிரண்டு மணி, இரண்டு சட்டம் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். பழுதான சைக்கிளை ஆட்டோவில் ஏற்றுவது சட்டத்தை மீறியதாகுமா என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன். ஷோரூம் பையன் துண்டைப் பார்த்ததும், வரவழைக்க ஏழு நாள் ஆகும் என்றான். அக்கா அவனிடம், "ஏழு நாளா? அதுக்குள்ள இவன் கோவா போயிட்டு வந்திருவானே" என்றாள்.

அன்று முழுக்க அவள் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை நான் கேட்கவில்லை. தெரியாத இடத்துக்கும் தெரிந்த மாதிரியேதான் நடந்தாள். அதே வேகம், அதே நிமிர்ந்த கழுத்து.

மத்தியானம் திரும்பி வந்தபோது டீ கேன் பருப்புக் கடைப் படியில் இல்லை. அக்கா தேடவும் இல்லை. தெருவில் நின்று, "என் கேன் எங்கடே?" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். நாலு கடை தள்ளிக் கயிற்றுக் கடையிலிருந்து பதில் வந்தது: "இஞ்ச இருக்கு! தீர்ந்து போச்சு, கழுவி வச்சிருக்கு!"

பருப்புக் கடை அண்ணாச்சி எனக்கு அந்த ஏற்பாட்டை விளக்கினார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக அங்கே கடை நடத்துகிற குடும்பம் அவருடையது.

"தம்பி, அவ கேனை எங்க வச்சிட்டுப் போறாளோ அந்தக் கடைக்காரன்தான் அன்னைக்கு எல்லாருக்கும் சாயா ஊத்திக் குடுக்கணும். அது இஞ்ச ஒரு பழக்கமாயிப் போச்சு. எவனாவது பைய தூக்கிட்டு முழிச்சிட்டே தெருவுக்குள்ள வந்தாப் போதும், நாங்களே கேனுக்குக் கீழ ஒரு பலகையப் போட்டு ரெடியா வச்சிருவோம்."

"வழி சொல்லி அனுப்பவே மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டா. கொண்டு விடுவா. அதும் செரியான இடத்துல விடுவாளான்னா, அது உன் பாக்கியம்" என்று சிரித்தார். "ஒரு தடவ ஒரு பையனும் பொண்ணும் ஓடி வந்து, கல்யாணம் ரிஜிஸ்டர் பண்ற ஆபீஸ் எங்கன்னு கேட்டாவ. இவ கூட்டிட்டுப் போயி எடைக்கல்லுக்கு முத்திரை குத்துற ஆபீஸ்ல உக்கார வச்சிட்டா. சாயங்காலம் வரைக்கும் மூணு பேரும் அங்கேயே இருந்திருக்காவ."

கயிற்றுக் கடைக்காரர் அங்கிருந்தே சேர்த்துக்கொண்டார்: "அவுங்களுக்கு அன்னைக்கே எடை போட்டு முத்திரையும் குத்தியிருப்பானுவ, சேச்சி விட்டிருந்தா!"

"சும்மா கெடங்கடே" என்றாள் அக்கா. வெட்கமெல்லாம் இல்லை. "அடுத்த நாள் செரியான ஆபீசுக்கு நான்தானே கொண்டு போனேன்? சாட்சிக்கு ஆள் இல்லன்னு முழிச்சிட்டு நின்னுதுவ. நான்தான் கைநாட்டு வச்சேன். இப்பம் ரெண்டு பிள்ளைய இருக்கு. ஓணத்துக்கு ஓணம் வந்து பாத்துட்டுப் போகுதுவ."

இன்னொன்றும் அண்ணாச்சி சொன்னார். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒருவர், ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளைப் பார்க்க வந்தவர், வழி கேட்டிருக்கிறார். அக்கா காலையில் போனவள் மறுநாள் காலையில்தான் திரும்பினாள். ஸ்கேன் எடுக்கும் இடம், மருந்துக் கடை, ரத்தம் கொடுக்கும் இடம் என்று அந்த மனிதரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறாள். "இவளுக்கு அந்த ஆஸ்பத்திரில ஒரு வாசல்கூட அதுக்கு முன்னால தெரியாது. ஆனா அந்த மனுசனுக்கு அது கடைசி வரைக்கும் தெரியல பாத்துக்கோ" என்றார் அண்ணாச்சி. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அக்கா என்னைக் கடைசியாகக் கொண்டுபோய் நிறுத்தியது சாலைக் கடைவீதியின் பின்பக்கம், பாரச் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஒருவரிடம். அவர் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு பீடி முடியும்வரை பார்த்தார்.

"கியர் வேண்டா" என்றார்.

"என்ன?"

"இத எடுத்துத் தூரக் களையாம். செயின வெட்டிச் சின்னதாக்கி, நடுவிலெ இருக்குற பல்லுச் சக்கரத்துல போட்டுத் தரேன். சாதா சைக்கிள் போல ஓடும்."

கியர் இல்லாமல் கோவா! மலையாளக் கரையின் சாலை எவ்வளவு ஏறி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அரைமணி நேரத்தில் அவர் செயினை வெட்டிக் கோர்த்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டபோது, அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அக்கா நிஜமாகவே கத்தினாள். பீடிக்காரர் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நாளைக்கு வெளுப்பான் காலத்துல கிளம்பு. வர்க்கலா வழியில உன்னக் கொண்டுவிட்டுட்டு நான் ஏழரைக்கு இஞ்ச திரும்பிருவேன்."

"வேண்டாம்க்கா. போன்ல வழி காட்டும்."

"போனுக்குக் கால் இருக்கா?" என்றாள்.

காலை ஆறரை மணிக்கு மொபெட்டில் வந்து நின்றாள். முன்னால் கால் வைக்கும் இடத்தில் டீ கேன், நிறைய. வீட்டிலிருந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். என்னை விட்டுவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போவதாகத் திட்டம். "என் பின்னால வா, மக்ளே" என்று ஒரு ஹாரன் அடித்தாள்.

கிழக்கே கோட்டை, தம்பானூர், பாளையம். காலை நேரத்து ரோடு காலியாகக் கிடந்தது. இரவு பெய்த மழையில் மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரே கியரில் கால் ஒரே தாளத்தில் சுற்றியது. முன்னால் அவளுடைய சேலைத் தலைப்பு படபடக்க, ஊரே எனக்காக ஒதுங்கி வழிவிடுவதாகத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக நான் சைக்கிள் ஓட்டியது அதற்கு முன் இல்லை.

மியூசியம் தாண்டி அவள் வலப்பக்கம் திரும்பினாள். வெள்ளையம்பலத்தில் ஹேண்டிலில் மாட்டியிருந்த போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி நாங்கள் போக வேண்டிய கோட்டை விட்டு விலகியிருந்தது. வேறு ஏதாவது குறுக்கு வழியாக இருக்கும் என்று நினைத்தேன். கவடியார் வந்தது. புள்ளி இன்னும் விலகியது. பேரூர்க்கடையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் வர்க்கலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போகத் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, சீட்டுப் பிடித்து, பையையும் மேலே வைத்துவிட்டார். நான் இறங்கிப் போய் போர்டைப் படித்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "எப்பா, இது அந்த ஊருக்குப் போகாது! தப்பான பஸ்ல ஏத்திட்டீங்க!" என்றேன். நான் படித்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை. நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா பையை இறக்கினார். அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஊருக்குப் போனாலும் அப்பா முன்னால் நடப்பதில்லை. என்னை முன்னால் விட்டுப் பின்னால் வருவார்.

சாட்சிக்குக் கைநாட்டு வைத்த ஒரு பெண் எனக்கு முன்னால் நிமிர்ந்த கழுத்தோடு போய்க்கொண்டிருந்தாள். நான் எப்படிச் சொல்வேன்?

அதனால் மிதித்தேன். ஏற்றம் வந்தது, நின்று மிதித்தேன். இறக்கம் வந்தது, அவள் திரும்பிப் பார்த்து, "எப்பிடி? நல்ல ரோடு, அல்லே?" என்றாள். "சூப்பர்க்கா!" என்றேன். இப்படியே இரண்டு பேரும் நெடுமங்காடு வரை போய்விட்டோம்.

அங்கே அவளைக் காட்டிக்கொடுத்தது ஒரு கண்டக்டர். பஸ் படியில் தொங்கிக்கொண்டு, "வித்துரா, கல்லாறு, பொன்முடி! வித்துரா, கல்லாறு, பொன்முடி!" என்று கூவினார். அக்கா பிரேக் பிடித்தாள். மொபெட்டை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மக்ளே, வர்க்கலாவுக்குப் போற வழியில வித்துரா வருமா?"

"வராதுக்கா."

"பொன்முடி?"

"அதும் வராது."

"நீ போனப் பாத்துட்டேதானே வந்த?"

"ஆமா."

"எங்க வச்சுத் தெரிஞ்சுது?"

"வெள்ளையம்பலத்துல."

"வெள்ளையம்பலமா!" இப்போது திரும்பினாள். என் ஹெல்மெட் மேலேயே ஒரு அடி. "பின்னெ எந்துக்குல வாயப் பொத்திட்டு வந்த? ஒரு மணிக்கூறா மலையேத்திட்டு வந்திருக்கேன், நல்ல ரோடான்னு கேட்டா சூப்பருங்க!"

அவள் அந்த பஸ்ஸைப் பார்த்தாள். பஸ் போன பிறகு குரல் இறங்கியது.

"எனக்குத் தெரியாது மக்ளே. வர்க்கலாவுக்கு நான் போனதே இல்ல. எங்க அக்கா வித்துராவுக்கு அங்குட்டு எஸ்டேட்டுல கொழுந்து எடுத்தா. அவளப் பாக்க வந்த ரோடு இது. ஊர விட்டு வெளிய போறதுன்னா எனக்கு இந்த ஒரு ரோடுதான் தெரியும்."

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வண்டியை விட்டு இறங்கிவிட்டாள்.

"மணி என்ன?"

"எட்டு பத்து."

"பன்னெண்டுக்குப் போய்ச் சேரலாமா?"

"கியர் இருந்தா சேந்திரலாம்."

"இல்லாம?"

"சொல்ல முடியாதுக்கா."

"அப்பம் சொல்லிட்டு நிக்காத, ஓடு" என்றாள். நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், அங்கே நின்ற ஐந்தாறு பேருக்கும் கேட்கும்படி, "சேட்டா, வர்க்கலாவுக்கு எங்ஙன போகணும்? எனக்கு அறிஞ்சுகூடா, தெரியாது!" என்றாள். ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, வெஞ்ஞாறமூடு, அங்கிருந்து ஆற்றிங்கல், அங்கே போய்க் கேட்டால் சொல்வார்கள் என்றார். அக்கா கொஞ்ச நேரம் அவர் எழுந்து வருவார் என்று காத்திருந்தாள். அவர் எழவில்லை. அவள் முகத்தில் அந்த ஆச்சரியத்தை நான் பார்த்தேன்.

திரும்பி வந்து என் சைக்கிளின் இரண்டு பைகளையும் கழற்றித் தன் மொபெட்டின் பின்னால் கட்டினாள். "ஆள் வண்டியில ஏறப்படாது, அவ்வளவுதானே உங்க சட்டம்? மூட்டை ஏறலாம்."

அதற்கப்புறம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. ரப்பர் தோட்டம், வளைவு, ஏற்றம், மறுபடி ஏற்றம். ஒரு மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. தொடை இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. அக்கா முன்னால் போய்விடுவாள். ஒவ்வொரு முக்கிலும் வண்டியை நிறுத்தி, மீன் விற்கிறவரிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், யார் நின்றாலும் அவர்களிடம் கேட்டுவிட்டு, நான் தெரிந்ததும் போலீஸ்காரர் மாதிரி கையை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்பாள். "இடத்தோட்டு! இடப்பக்கம்! நிக்காத!" நான் தாண்டியதும் மறுபடி முந்திக்கொண்டு போவாள். அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெஞ்ஞாறமூட்டில் ஒரு தடவை எடுத்தாள்.

"அண்ணாச்சி, இன்னா வந்திட்டேன். கிழக்கே கோட்டையில பிளாக்கு, வண்டி அனங்க முடியல" என்றாள். மறுபக்கம் டீ கேட்டு யார் யாரோ சேர்ந்து கத்துவது எனக்கே கேட்டது. அவள் போனை இடுப்பில் செருகிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

ஆற்றிங்கல் தாண்டும்போது பதினொன்றேகால். முடியும், முடிந்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. சேவியர் அண்ணனுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு ஒரு ரயில்வே கேட். அக்கா கடந்துவிட்டாள். எனக்கு முன்னால் கேட் இறங்கியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்று அவள் ஏதோ கத்தினாள். இந்தப் பக்கம் நான் கத்தினேன். ரயில் வந்து இரண்டையும் மூடியது. ஒன்று போனால் இன்னொன்று. இரண்டாவது போய்க் கேட் தூக்கியபோது அவளைக் காணோம். என் பைகளும் காணோம்.

கோயில் குளத்தங்கரைக்கு நான் போனபோது பன்னிரண்டு இருபத்தைந்து. போய்விட்டிருப்பார்கள் என்று தெரிந்தேதான் போனேன்.

அங்கே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மொபெட் நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் குழுவின் இரண்டு பேர் குளத்துச் சுவரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சேவியர் அண்ணன் ஹெல்மெட் மாட்டி, கையுறை மாட்டி, சைக்கிளில் ஒரு கால் போட்டபடி நின்றிருந்தார். அவருடைய முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏல, யாருல இவங்க?" சேவியர் அண்ணனுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. "அரைமணி நேரமா சக்கரத்தப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்காங்க!"

"விட்டா நீ போயிருவ" என்றாள் அக்கா.

"எக்கா, பன்னெண்டுன்னா பன்னெண்டுதான். நாங்க பேசிக்கிட்ட சட்டம்."

"சட்டம் அவனுக்குத்தானே? பன்னெண்டு மணிக்கு முன்னாலயே அவன் பை வந்தாச்சு. நானும் வந்தாச்சு. பின்னால கிடந்தது கால் மட்டும்தான். அதும் இன்னா வந்திருக்கு. எண்ணிப் பாத்துக்கோ."

சேவியர் அண்ணன் என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பின் சக்கரத்தில் கியர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருப்பதைப் பார்த்தார்.

"இந்த ஏத்தமெல்லாம் இதுலயா மிதிச்ச?"

"ஆமாண்ணே. நெடுமங்காடு வழியா."

"நெடுமங்காடா? அது எதுக்குல அங்க போன?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"நான்தான் வழி தவறிட்டேன்" என்றேன்.

"அவன் இல்ல, நான்" என்றாள் அக்கா. சக்கரத்தை விட்டுவிட்டு எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "எனக்கு வழி தெரியாது. அவன் அறிஞ்சோண்டே பின்னால வந்தான். இப்பிடி ஒரு மண்டன நான் பாத்ததில்ல."

சேவியர் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். "சாயா இருக்கா?" என்று கேட்டார். அக்கா கேனைச் சாய்த்துப் பிடித்து, வழி சொன்னவர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிஞ்சிய கடைசி அரை டம்ளரை எனக்கும் அவருக்குமாக ஊற்றினாள். ஆறிப்போயிருந்தது. அப்படி ஒரு டீ நான் குடித்ததில்லை.

பிறகு நேரமாகிவிட்டது. பைகளைக் கட்டினோம். நன்றி சொல்ல நான் போனபோது, அவள் காதில் போனை வைத்துக்கொண்டு அண்ணாச்சியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். வர்க்கலாவில் நிற்கிறேன் என்று அவள் உண்மையைச் சொல்ல, அங்கே ஒருவரும் நம்பவில்லை. என்னைப் பார்த்து, போ போ என்று கையை ஆட்டினாள். இரண்டு வாரம் கழித்து ஊர் போய் அப்பாவிடம் கோவாவைப் பற்றிச் சொன்னதைவிட இவளைப் பற்றித்தான் அதிகம் சொன்னேன். அப்பா இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார்.

அன்று நாங்கள் குளத்தைத் தாண்டி மேடு ஏறினோம். முன்னால் மூன்று பேரும் கியரை மாற்றுகிற சத்தம் கிடுகிடுவென்று கேட்டது. எனக்கு மாற்ற ஒன்றும் இல்லை. சீட்டை விட்டு எழுந்தேன். பின்னால் அக்காவின் குரல், யாரையோ நிறுத்தி, குளத்தங்கரை முழுக்கக் கேட்கும்படி, திருவனந்தபுரத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்த மேட்டில் சைக்கிள் நின்றிருக்கும். நின்று மிதித்து, மூன்று பேரையும் தாண்டி, மேலே போய்விட்டேன்.